கால் மைல் சேற்றுக்கு ஒரு ஜோடி டயர்

போன மாதம் திவ்யா போன் செய்தாள். சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டு மேலேயே இருக்கும் டயர் கடையில், நான் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த கவுன்டரில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏனுங்க்கா, பிக்கப் வண்டிக்காரங்க எல்லாரும் ஆல் டெரைன் டயர்தான் வேணும்னு வாராங்க. எங்க ஓட்டறீங்கன்னு கேட்டா அவிநாசி ரோடுங்கறாங்க. மண்ணையே மிதிக்காத வண்டிக்கு அது எதுக்குங்க்கா? போடலாமா வேண்டாமான்னு என்னன்னு சொல்றதுங்க?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தெரிந்ததைச் சொன்னேன். தார் ரோட்டில் இரையும். கோடு போட்ட சாதா டயரைவிடச் சீக்கிரம் தேயும். டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். மழையில் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்பதற்கு இன்னும் சற்று தூரம் போகும். இப்போது வருவது அந்தக் காலத்து டயருக்கு எவ்வளவோ தேவலை. இருந்தாலும் இதையெல்லாம் முதலில் சொல்லிவிடு. அதற்குப் பிறகும் ஆசைப்பட்டால் முகம் சுளிக்காமல் மாட்டிக் கொடு என்றேன்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான் கண்ணு."

போனை வைத்துவிட்டேன். அவ்வளவுதான் என்று சொன்னது சுத்தப் பொய். அந்த டயரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியைக்கூட அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. போனில் சொல்கிற சமாசாரமும் இல்லை அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த கதையை இழுக்க மாட்டேன். அப்பாவுக்கு மில்லில் வேலை. வீட்டில் மூன்று பெண்கள், நான் மூத்தவள். பி.காம். முடித்த கையோடு அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, டயர் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. டயர் கடையில் பொம்பளைப் பிள்ளையா என்று எங்கள் தெருவே மூக்கில் விரலை வைத்தது. ஆரம்பத்தில் ரப்பர் வாசனையில் தலை வலிக்கும். பிறகு அந்த வாசனை சேலையில் இல்லாவிட்டால் எனக்கு என்னவோ போல இருக்கும். பில் போட வந்தவள் இரண்டு வருடத்தில் டயரைக் கையால் தடவியே அந்த வண்டியின் ஜாதகத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் கடையில் இருந்தால் கல்லுக்கும் அது வந்துவிடும்.

அப்போது மேனேஜராக இருந்தவர் தேவராஜன் சார். குள்ளமான மனிதர். கருப்புச் சரக்குக்கு நடுவில் நாளெல்லாம் நடமாடிவிட்டு, சாயங்காலம் அதே வெள்ளைச் சட்டையோடு அழுக்கில்லாமல் வீட்டுக்குப் போவார். அது எப்படி என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. கைக்குட்டையைத் தரையில் விரித்து, அதில் ஒரு முழங்காலை ஊன்றி, உள்ளங்கையால் டயரை முன்னும் பின்னும் நீவுவார். போகும்போது வழுக்கி, வரும்போது கையில் சொரசொரவென்று பிடித்தால் சக்கரம் நேராக இல்லை. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று கம்மி. பிறகு எழுந்து, வண்டிக்காரரிடம் மூன்றே கேள்வி.

"வண்டி ராத்திரி எங்கீங்க தூங்குது? திரும்பி வாரப்ப என்னங்க ஏத்திட்டு வரும்? உங்க பக்கத்துல யாருங்க உக்காருவாங்க?"

மூன்றாவது கேள்விக்கு நிறையப் பேர் முறைப்பார்கள். சாருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. பக்கத்தில் வயசான அம்மாவோ கைக்குழந்தையோ வருவதாக இருந்தால், இரையும் டயரையும் குலுக்கும் டயரையும் அவர் கண்ணிலேயே காட்ட மாட்டார். வாய் திறந்து 'வேண்டாம்' என்றும் சொல்ல மாட்டார். "சித்த நெழல்ல உக்காருங்க" என்பார். அவர் அப்படிச் சொல்லிவிட்டால், அந்த ஆள் தப்பான டயரைக் கேட்கிறார் என்று கடை முழுக்கத் தெரிந்துவிடும். டயர் மாட்டும் பிட்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்தக் காலத்தில் ஆல் டெரைன் என்ற பேரெல்லாம் கிடையாது. தார் ரோட்டுக்குக் கோடு டயர். சேறு, சகதி, கல் குவாரிக்குக் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வந்தது. அதற்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பேர் செமி லக். எங்கள் பிட்டர்கள் வைத்த பேர் ரெண்டுங்கெட்டான்.

ஆர்.எஸ். புரத்திலிருந்து ஒரு மில் முதலாளியின் மகன் புது ஜீப்பில் வந்து, நாலு சக்கரத்துக்கும் ரெண்டுங்கெட்டான்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வண்டி வீட்டிலிருந்து கிளப்புக்கும் கிளப்பிலிருந்து வீட்டுக்கும் போகிற வண்டி. சார் அவரை நிழலில் உட்கார வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார், கடைசியில் எங்கள் வண்டியில் அந்த டயரை மாட்டி அவரையே ஓட்டச் சொல்லி சூலூர் வரை கூட்டிக்கொண்டு போய் வந்தார். "டேப்புல பாட்டுக் கேக்குதுங்களா?" என்று பின்சீட்டிலிருந்து கத்திக் கேட்டாராம். "கேக்கலீங்க. ஆனா பாக்கறதுக்கு நல்லா இருக்குதுங்களே!" என்று அவர் திருப்பிக் கத்தியிருக்கிறார். அதோடு சரி. நாலையும் மாட்டிக் கொடுத்தோம். சார் அந்த நாலுக்கும் தானே குனிந்து காற்றுப் பார்த்தார். பிடிக்காத டயரை விற்றாலும் அரைமனதாக விற்க மாட்டார் அந்த மனிதர்.

குமாரசாமி முதன்முதலாக வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. ஆலாந்துறை தாண்டி மலையடிவாரத்தில் தோட்டம். தென்னையும் கொஞ்சம் பாக்கும். பழைய பிக்கப் ஜீப் ஒன்றில் தேங்காயை ஏற்றிக்கொண்டு பேரூர், உக்கடம், திருச்சி ரோடு என்று பிடித்து, பல்லடம் வழியாகக் காங்கயத்துக் கொப்பரைக் களங்களுக்குப் போவார். போகிற வழியில் எங்கள் கடை. எனக்கு அப்போது இருபத்தேழு முடிந்திருந்தது. அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நெற்றியில் திருநீறு, காதோரத்தில் தேங்காய் நார்த் தூசி.

சார் வழக்கம்போல முழங்காலை ஊன்றிப் பார்த்துவிட்டு மூன்று கேள்வியையும் கேட்டார்.

"வண்டி தோட்டத்துலதானுங்க தூங்குது. திரும்பறப்ப வெறும் வண்டிங்க. பக்கத்துல யாரும் இல்லீங்க, எடமிருந்தா அங்கயும் தேங்காதானுங்க."

பில் புத்தகத்துக்குப் பின்னால் நான் சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார்.

தோட்டத்துக்குப் போகும் கடைசிக் கால் மைல் மண் தடம் என்றும், நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறதென்றும் சொன்னார். பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் ஓடை. மழைக்காலத்தில் தண்ணீர் போகும், ஏற்றத்தில் சேறு வழுக்கும். "அதுக்குத்தான் அந்தக் கட்டை டயர் கேக்கலாமான்னு வந்தனுங்க."

"மழை நாள்ல இப்ப என்னங்க பண்றீங்க?"

"பள்ளத்துக்கு இக்கட்டால வண்டிய நிறுத்திப்போட்டு நடந்து போயிருவனுங்க. அம்மா எங்கயும் போறதில்லீங்க, நடக்கறது நான் ஒருத்தன்தானுங்க."

"அப்ப கோடு டயரே போதுமுங்க" என்றார் சார். தினமும் நாள் முழுக்கத் தார் ரோடு. கால் மைலுக்காக அத்தனை தூரமும் இரைச்சலைக் கேட்டு, டயரைத் தேய்த்துக்கொள்ள வேண்டாம் என்றார். குமாரசாமியும் தலையாட்டிவிட்டுக் கோடு டயரே போட்டுக்கொண்டு போனார்.

அதிலிருந்து வாரம் ஒரு தடவையாவது வருவார். காற்றுப் பிடிக்க, டயரை இடம் மாற்றிப் போட, பஞ்சருக்கு. உக்கடத்திலிருந்து எங்கள் கடைக்கு வருவதற்குள் எத்தனை பஞ்சர் கடை இருக்கிறது! எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு மனிதர் ஓட்டை டியூபோடு அத்தனை தூரம் ஏன் வருகிறார் என்று பிட்டர்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். வந்தால் கவுன்டருக்கு எதிரில் இருக்கும் பெஞ்சில் உட்காருவார். காங்கயத்தில் மழையா, உங்க அப்பாவுக்கு இருமல் தேவலையா என்று இரண்டு வார்த்தை. என் அப்பாவுக்கு இருமல் என்று எந்தக் காலத்திலோ சொன்னதை ஞாபகம் வைத்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. இந்த வயசில் இதைச் சொல்வதற்கு என்ன வெட்கம்.

ஒரு நாள் சார் விடுமுறையில் இருந்தபோது வந்தார். கோடு டயரில் இன்னும் பாதிக்கு மேல் உயிர் இருந்தது.

"அந்தச் செமி லக் டயர் ரெண்டு வேணுமுங்க அம்மணி. பின்சக்கரத்துக்கு."

நான் கடைக்காரியாகவே பதில் சொன்னேன். "இருக்கறதே நல்லா இருக்குதுங்களே. உங்க ஓட்டமெல்லாம் தார் ரோட்டுலதானுங்க. எதுக்குங்க வீணா?"

"மழை வருதுங்களே."

"போன மழைக்கு நடந்துதானுங்களே போனீங்க?"

"நான் நடந்து போயிருவனுங்க. ஊட்டுக்கு வாரவங்களையும் சேத்துல நடக்கச் சொல்ல முடியுங்களா?"

விருந்தாளி யாரோ வருகிறார்கள் என்று நினைத்து, "ஏனுங்க, ஒறம்பரை வாராங்களா?" என்றேன்.

"ஒறம்பரை இல்லீங்க." டயர் அடுக்கைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க வருவீங்களான்னு கேக்கத்தானுங்க வந்தேன்."

என் கையில் இருந்த பேனா கீழே விழுந்துவிட்டது. அதை எடுக்கிற சாக்கில் கவுன்டருக்கு அடியில் குனிந்தவள் எழுந்திருக்கவே மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம். அடுத்த நிமிஷமே பயமும் வந்தது. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் இருந்தார்கள்.

எழுந்து, "கொஞ்ச நாள் பொறுங்க" என்றேன்.

"சரிங்க அம்மணி. டயர எடுத்து வெச்சிருங்க."

சார் திரும்பி வந்ததும் தனியாக எடுத்து வைத்திருந்த இரண்டு டயரைப் பார்த்து யாருக்கு என்று கேட்டார். அந்த மனிதரிடம் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"விஜயாம்மா, மத்ததெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. டயர் சந்தேகம்னா ரோட்டப் போய்ப் பாத்துப்போடணும். ஞாயித்துக்கெழமை போலாம்."

சந்தேகமான கேஸ் என்றால் ரோட்டை நேரில் பார்ப்பது அவருடைய பழக்கம்தான். குவாரிக்கெல்லாம் போயிருக்கிறார். ஆனால் ஒரு ஜோடி பிக்கப் டயருக்காகப் போனது அதுதான் முதல் தடவை. பெண் பிள்ளையைத் தனியாகக் கூட்டிப் போகக்கூடாது என்று தன் மனைவி சரஸ்வதி அக்காவையும் அழைத்து வந்தார். குமாரசாமி ஓட்ட, நடுவில் அக்கா, மடியில் புளிச்சோற்றுத் தூக்கோடு; ஓரத்தில் நான். சார் பின்னால் சாமான் தொட்டியில், ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டையோடு வந்தார். பேரூர் தாண்டியதும் மலை தெரிந்தது. மேலே மேகம் இறங்கியிருந்தது. நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வண்டியில் உட்கார்ந்து போனதில்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை.

தார் ரோடு முடிந்து மண் தடத்தில் இறங்கியதும் வண்டி பேச்சை மாற்றியது. முந்தின நாள் மலையில் மழை பெய்திருந்தது. பள்ளத்தில் முழங்கால் அளவுக்குச் செம்மண் தண்ணீர் ஓடியது. அந்தப் பக்கம் ஏற்றம். ஏற்றத்துக்கு மேலே தென்னைகளுக்கு நடுவில் ஓட்டு வீடு, வெள்ளையடித்த சுவர்.

"அங்கதானுங்க" என்றார் குமாரசாமி. அக்காவிடம் சொல்வது போல என்னிடம் சொன்னார்.

சார் இறங்கி, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்தார். டயர் கழற்றும் கடப்பாறையைச் சேற்றில் குத்திக் குத்திப் பார்த்தார். ஏற்றத்தின் மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார். "எங்க, ஒருக்கா ஏத்துங்க பாக்கலாம்" என்றார். எங்களை இறக்கிவிட்டுக் குமாரசாமி வண்டியைத் தண்ணீரில் இறக்கினார். இறங்கியது. ஏற்றத்தில் பாதியில் பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. அவை வாரி இறைத்த சேற்றில், பின்னால் நின்று தள்ளிய சாரின் அத்தனை வருடமாக அழுக்குப் படாத வெள்ளைச் சட்டை கழுத்து வரைக்கும் செம்மண்ணானது. சரஸ்வதி அக்கா சிரித்த சிரிப்பில் புளிச்சோற்றுத் தூக்கே ஆடியது.

சத்தம் கேட்டு வீட்டு வாசலில் அவருடைய அம்மா வந்து நின்றார். வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். "வாங்க, வாங்க கண்ணு! நனைஞ்சாப் போகுது, வாங்க!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டார்.

நான் சேலையைத் தூக்கிச் சொருகிவிட்டேன். சரஸ்வதி அக்கா என் முழங்கையைப் பிடித்தார். "பேசி முடிக்காம வாசப்படி மிதிக்கக்கூடாது அம்மணி. நல்லபடியா எல்லாரும் சேந்து வரலாம்."

அவர் சொன்னது முறைதான். முறையாகவே இக்கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம். அன்றைக்கு அக்கா கையை உதறிவிட்டு அந்த முழங்கால் தண்ணீரில் நடந்து போயிருக்கலாம் என்று எத்தனை ஆயிரம் தடவை நினைத்திருப்பேன்! போய், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். வேறு ஒன்றுமே நடக்காமல் போயிருந்தாலும் அந்த வீட்டுக்குள் ஒரு தடவை போனவளாக இருந்திருப்பேன்.

திரும்பும்போது சார் தீர்ப்புச் சொன்னார். "கொழந்த குட்டி வரப்போற ஊடுன்னா பின்சக்கரத்துக்குச் செமி லக்தானுங்க. நோவு நொடின்னா பள்ளத்துல நிக்க முடியாது. முன்னால கோடு டயரே இருக்கட்டும். தார் ரோட்டுல இரையும், தேயும். அதைப் பொறுத்துக்கறதுதான். ஆனா இப்ப மாட்டாதீங்க. வேண்டிய நாள்ல மாட்டிக்கலாம். அதுவரைக்கும் கடையிலயே கெடக்கட்டும்."

குமாரசாமி கேட்கவில்லை. "வண்டி பழகட்டுமுங்க" என்று அடுத்த வாரமே மாட்டிக்கொண்டார். டயர் தெரிந்த எவரும் அதைச் செய்ய மாட்டார்கள். வராத ஆளுக்காகச் சேற்று டயரை மாட்டி, அதைக் காங்கயம் ரோட்டில் தேய்ப்பதா? அவர் செய்தார். எனக்கும் தடுக்க மனசில்லை. அது அவர் வண்டியில் இருக்கும் வரைக்கும் என் காரியம் நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

வீட்டில் சொன்னேன். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "பெரிய பாப்பா கல்யாணம் முடியட்டும், பாக்கலாம்" என்றார். நானும் அதையே குமாரசாமியிடம் சொன்னேன். "ஆகட்டுமுங்க. நமக்கென்னங்க அவசரம்" என்றார். பெரிய தங்கையின் கல்யாணம் முடிந்தது. அந்த வருடமே அப்பாவின் மில்லைப் பூட்டினார்கள். அப்புறம் சின்னவள் இருந்தாள்.

இதற்கிடையில் வாராவாரம் அந்த வண்டி வந்தது. செமி லக் டயர் தார் ரோட்டில் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். சிக்னலுக்கு அந்தப் பக்கம் வரும்போதே எனக்குக் கேட்டுவிடும். சாருக்கும் கேட்கும் போலிருக்கிறது. உடனே ஏதோ வேலை வந்துவிட்டது மாதிரி குடோனுக்குள் போய்விடுவார். நான் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு போய் டயரின் காடியில் செருகிப் பார்ப்பேன். பட்டன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் வழி அது. முதலில் நாணயம் பாதிக்கு மேல் உள்ளே போனது. போகப் போக வெளியே வந்துகொண்டே இருந்தது. அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார்.  "இன்னும் இருக்குதுங்க" என்பேன். "இருக்குமுங்க" என்பார்.

சின்னவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். நான் சமையற்கட்டில் காப்பி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "மூத்த பொண்ணுக்கு ஏன் இன்னும் ஆகலை?" என்று கேட்பது காதில் விழுந்தது. என் அம்மா ஒரு மூச்சு விடும் நேரம்கூடத் தயங்கவில்லை. "அவளுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லைங்க. வேலையே போதும்னுட்டா."

நான் வெளியே வந்து அது பொய் என்று சொல்லியிருக்கலாம். கூடத்தில் சின்னவள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, தலை குனிந்து, பாயில் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தேன். அம்மாவின் அந்த வார்த்தையை நம்பித்தான் அவளை எடுக்கப் போகிறார்கள், இனி அதை நான் மாற்ற முடியாது. காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அழக்கூட வரவில்லை.

அடுத்த முறை குமாரசாமி வந்தபோது நாணயம் தேவைப்படவில்லை. இரண்டு டயரும் மொட்டை. கைக்கு வழவழவென்று இருந்தது. அந்தப் பட்டன்கள் பள்ளத்து ஏற்றத்தை ஏறியதெல்லாம் அவர் ஒருவருக்காக மட்டும்தான்.

"இதுக்கு மேல ஓட்டக்கூடாதுங்க" என்றேன்.

"தெரியுமுங்க அம்மணி. மறுபடியும் இதே போடட்டுங்களா? இல்லைன்னா கோடு டயருங்களா? நீங்கதானுங்க சொல்லோணும்."

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கண்ணில் மட்டும் அவ்வளவு வேண்டுதல். இரண்டு பேருக்கும் என்ன கேள்வி என்று தெரியும். நான் டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "கோடு டயரே போதுங்க."

அவர் குனிந்து அந்த மொட்டை டயரை ஒருமுறை தடவினார்.

"சரிங்க அம்மணி" என்றார். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

கோடு டயர் இரண்டை மாட்டினார்கள். அவர் பெஞ்சில் உட்காரவில்லை, வண்டியோடேயே நின்றார். போகும்போது எப்போதும் சொல்கிற "வாரேனுங்க அம்மணி"யைச் சொல்லிவிட்டுத்தான் போனார். வண்டி ரோட்டில் ஏறியபோது சத்தமே இல்லை. கவுன்டருக்குத் திரும்பினேன். தேவராஜன் சார் குடோன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "சித்த நெழல்ல உக்காருங்க விஜயாம்மா" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. டயர் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டார்.

சின்னவள் கல்யாணம் நன்றாக நடந்தது. அவள் இன்றைக்குத் திருப்பூரில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். குமாரசாமி அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. காங்கயத்துக்குப் போகிற வழி அதேதான், எங்கள் கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். கோடு டயர் என்பதால் எப்போது போகிறார் என்று தெரியவில்லை. எனக்கும் வேண்டாம் என்று இருந்தது. ஆனால் மலைப்பக்கம் மேகம் கருத்தால், பள்ளத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டு அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். பில் எழுதிக்கொண்டே இருப்பேன், மனசு அங்கே போய்விடும்.

இரண்டு மழைக்காலம் போன பிறகு, ஒரு காலை வேளையில் அந்தப் பிக்கப் கடைக்குள் வந்து நின்றது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் இருந்தார். இறங்கும்போதுதான் பார்த்தேன், நிறை வயிறு. சிரித்த முகம். தலை நிறைய கனகாம்பரம். வந்த கையோடு என் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, "அப்பாடி, என்ன வெயிலுங்க்கா!" என்று முந்தானையால் விசிறிக்கொண்டார்.

குமாரசாமி வண்டியருகிலேயே நின்றார். "பின்டயரு ரெண்டும் மாத்தோணுங்க" என்றார், பிட்டரிடம்.

அன்றைக்குச் சார் கடையில்தான் இருந்தார். எழுந்து வரவில்லை. இது உங்கள் கேஸ் என்பது போல என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்த மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட நான் கேட்கத் தேவையில்லை. வண்டி எங்கே தூங்குகிறது என்று தெரியும். என்ன ஏற்றுகிறது என்று தெரியும். பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதும் எதிரிலேயே இருந்தது.

"செமி லக் எடுங்க" என்றேன்.

 நானே குடோனுக்குப் போனேன். இருந்ததிலேயே புதிய சரக்காகப் பார்த்து, ஒன்றுக்கொன்று துளி வித்தியாசமில்லாத ஜோடியாகத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் உள்ளங்கையால் நீவிப் பார்த்தேன். மாட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று, காற்றையும் நானே பார்த்தேன். என் சர்வீஸில் எத்தனையோ டயர் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு சரியான டயரை அவ்வளவு சரியான வண்டிக்குக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்: "தார் ரோட்டுல கொஞ்சம் இரையுமுங்க, பயப்படாதீங்க. மழை பெஞ்சா ரோட்டுல மெதுவா ஓட்டச் சொல்லுங்க, பிரேக் நிதானமா மிதிக்கோணும். பள்ளத்துல மட்டும் கவலையே வேண்டாம். எந்த நேரம் வலி எடுத்தாலும் வண்டி ஏறி வந்துரும்."

"ஏனுங்க்கா, எங்க ஊட்டுக்கிட்ட பள்ளம் இருக்கறது உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"டயர் சொல்லுமுங்க" என்றேன்.

அவர் கலகலவென்று சிரித்தார். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருக்கா ஊட்டுக்கு வாங்க்கா. இத்தன நாளும் யாரையும் கூப்பிட முடியலீங்க, சேத்துல நடக்கோணும். இனித்தான் வண்டி வாசலுக்கே வந்துருமுங்களே! வாரீங்களா?"

"வாரேனுங்க" என்றேன்.

வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகக் குமாரசாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து, அந்தப் பெண் ஏறி உட்காரும் வரை பிடித்துக்கொண்டு நின்றார்.